டோர் லாக்

லினக்ஸ் கணினியில் வட்டு தகராறு செய்தால் அதைச் சோதித்துச் சீர்செய்ய எஃப்.எஸ்.சி.கே. என்றொரு நிரல் இருக்கிறது. எக்ஸ்ட்2 முதல் எக்ஸ்ட்4 வரையிலான கோப்பு முறைமைகளுக்கு அதன் பெயரில் நிஜமாக வேலை பார்ப்பது இ2எஃப்.எஸ்.சி.கே. தியடோர் சோ 1990களில் முன்னின்று எழுதி இன்றுவரை பராமரித்துவரும் நிரல். ஐந்து சுற்று வேலை அதற்கு. முதல் சுற்றில் ஐநோடுகள், அதாவது ஒவ்வொரு கோப்புக்கும் உரிய குறிப்பேட்டுப் பக்கங்கள், இரண்டாவதில் டைரக்டரிகள், மூன்றாவதில் ஒவ்வொரு டைரக்டரியும் வேரிலிருந்து போய்ச் சேரும்படி இருக்கிறதா என்று பார்ப்பது, நான்காவதில் இணைப்புகளின் எண்ணிக்கை, ஐந்தாவதில் எந்த பிளாக் காலி, எது நிரம்பியது என்ற பேரேட்டைச் சரிபார்ப்பது.

இவ்வளவையும் செய்கிற நிரல் அந்த வட்டிலுள்ள ஒரு கோப்பைக்கூட நாம் திறப்பதுபோலத் திறப்பதில்லை. திறக்கவும் கூடாது. ‘இந்தப் பெயரில் ஒரு கோப்பு வேண்டும்’ என்று கேட்டால் தேடி எடுத்துக் கொடுக்கிற ஏற்பாடு எதுவோ அதன்மேல்தானே சந்தேகம்? ஆகவே அது திறப்பது ஒன்றே ஒன்று: வட்டின் பார்ட்டிஷனை. யூனிக்ஸ் மரபில் பார்ட்டிஷனும் ஒரு கோப்பாகவே தெரியும். அதைத் திறந்து, உள்ளே கிடக்கும் பைட்டுகளைத் தன் கண்ணாலேயே படித்துக்கொண்டு போகும். அந்த ஒரு கதவு திறக்கவில்லை என்றால் ஐந்து சுற்றில் ஒன்றும் நடக்காது.

எனக்குப் பிடித்தது அந்த ஐந்து சுற்றுகளின் சாமர்த்தியம் அல்ல. கதவு திறக்காதபோது நிரல் என்ன சொல்கிறது என்பதுதான். மூலநிரலில் அதற்கென்று வரிசையாகச் சில நிபந்தனைகள் எழுதிவைத்திருக்கிறார்கள். அனுமதி இல்லை என்று கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, சொன்னால், ‘இதைத் திறக்க உனக்கு அனுமதி வேண்டும், அல்லது நீ ரூட்டாக இருக்க வேண்டும்’ என்று நேராகச் சொல்லிவிடுகிறது. எழுதவிடாமல் பூட்டிய வட்டு என்றால், படிக்க மட்டும் செய்யும் வழியில் ஓட்டிப் பார் என்று யோசனை சொல்கிறது. வட்டிலுள்ள கோப்பு முறைமை தன்னைவிடப் புதிய பதிப்பாக இருந்தால், ‘என்னைவிடப் புதிய நிரலைக் கொண்டுவா’ என்று, ஆச்சரியக்குறியோடு, தன் வயதை ஒப்புக்கொள்கிறது. மற்ற சமயங்களில் அது பேசுவது கேள்விகளாகத்தான். அப்படி ஒரு சாதனமே இல்லையோ? இது ஸ்வாப் பகுதியாக இருக்குமோ? வேறொரு நிரல் இதைப் பிடித்து வைத்திருக்கிறதோ? நீளமே இல்லாத பார்ட்டிஷனோ இது?

கெர்னல் கொடுப்பது ஓர் எண் மட்டுமே. 2 என்றால் அப்படி ஒன்று இல்லை, 5 என்றால் உள்ளீடு–வெளியீட்டுப் பிழை, 13 என்றால் அனுமதி மறுப்பு, 16 என்றால் வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள். அந்த எண்ணைக் காரணமாக மாற்றும்போது ஊகம் கலந்துவிடுகிறது. அந்த ஊகத்தை ஊகமாகவே வைத்திருப்பதற்காகத்தான் கேள்விக்குறி. இதை எழுதிய கை கவனமான கை. திறக்க முடியாத ஒன்றைப் பற்றித் தீர்ப்பு எழுதக் கூடாது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

இந்தக் கவனம் மரியாதைக்காக வந்ததல்ல, பயத்தால் வந்தது. எக்ஸ்ட் வகைக் கோப்பு முறைமையின் தலைப்பலகை, சூப்பர்பிளாக் என்பார்கள், பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து 1024ஆம் பைட்டில் ஆரம்பிக்கிறது. அதற்குள் இரண்டே பைட் நீளத்தில் ஓர் அடையாளக் குறி உண்டு. பதினாறடிமான எண்ணில் இ.எஃப்.53. அந்தக் குறி சரியாக இல்லையென்றால் இரண்டு காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும். சூப்பர்பிளாக் கெட்டுப்போயிருக்கிறது; அல்லது இது எக்ஸ்ட் வகையே இல்லை, அழைத்தவர் பார்ட்டிஷன் எண்ணைத் தப்பாக அடித்துவிட்டார். முதலாவது என்றால் சீர்செய்ய வேண்டும். இரண்டாவது என்றால் தொடவே கூடாது. சீர்செய்கிறேன் என்று எழுத ஆரம்பித்தால் வேறு யாருடைய தரவோ போய்விடும். நிரலுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் அது ஒரு நீண்ட நிபந்தனை வாக்கியம் பேசுகிறது: சாதனம் சரியானதாக இருந்து, அதில் நிஜமாகவே எக்ஸ்ட் வகைதான் இருந்து, ஸ்வாப்போ வேறொன்றோ இல்லாமலிருந்தால், சூப்பர்பிளாக் கெட்டிருக்கிறது, அப்போது மாற்றுப் பிரதியைக் கொண்டு முயன்று பார்க்கலாம். மாற்றுப் பிரதி எங்கே என்றும் சொல்கிறது. ஒரு கிலோபைட் பிளாக் என்றால் 8193ஆம் பிளாக்கில், நான்கு கிலோபைட் என்றால் 32768இல்.

அந்த மாற்றுப் பிரதி இருப்பதற்கே ஒரு பழைய கதை உண்டு. யூனிக்ஸின் ஆரம்பகாலத்தில் சோதிக்க ஒரே நிரல் கிடையாது. பிளாக்குகளைப் பார்க்க ஐசெக், டைரக்டரிகளைப் பார்க்க டிசெக் என்று தனித்தனியாக இருந்தன. அவை கண்டுபிடித்துச் சொல்வதை வைத்துக்கொண்டு ஆள் உட்கார்ந்து கையால் திருத்த வேண்டும். 1970களின் இறுதியில் பெல் லாப்ஸின் டெட் கோவால்ஸ்கி எல்லாவற்றையும் சேர்த்து எழுதியதுதான் எஃப்.எஸ்.சி.கே. 1980களின் ஆரம்பத்தில் பெர்க்லியில் மார்ஷல் கிர்க் மெக்குசிக் புதிய கோப்பு முறைமை ஒன்றை வடிவமைத்தபோது வட்டைச் சிலிண்டர் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு சூப்பர்பிளாக் பிரதி வைத்தார். கூடவே எஃப்.எஸ்.சி.கே.யையும் அதற்கேற்ப மாற்றி எழுதினார். வாசலே உடைந்துபோகலாம் என்று முன்கூட்டியே நினைத்துச் செய்த ஏற்பாடு. எக்ஸ்ட்2க்கு இந்தச் சொத்து அப்படி வந்துசேர்ந்தது.

அடுத்தது, நிரல் முடிந்தபின் விட்டுச்செல்லும் எண். 0 என்றால் பிழை ஏதுமில்லை. 1 என்றால் பிழை இருந்தது, திருத்தியாயிற்று. 2 என்றால் கணினியை மறுபடி தொடங்க வேண்டும். 4 என்றால் பிழை இருக்கிறது, திருத்தவில்லை. 8 என்றால் சோதனையையே நடத்த முடியவில்லை. அதற்கு மேல் 16, 32, 128 என்றும் உண்டு. ஒன்றோடொன்று கூட்டினாலும் பிரித்தெடுக்க முடிகிற எண்கள். நான் நிற்பது 4க்கும் 8க்கும் இடையில். 4 வட்டைப் பற்றிய செய்தி. 8 சோதித்தவனைப் பற்றிய செய்தி. வட்டு நன்றாகவும் இருக்கலாம், நாறிப்போயும் இருக்கலாம். 8 அதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

மின்கணக்கெடுக்க வருகிறவர் இதை நன்றாக அறிவார். வீடு பூட்டியிருந்தால் அட்டையில் ‘டோர் லாக்’ என்று எழுதிவிட்டுப் போவார். பூஜ்யம் யூனிட் என்று எழுதமாட்டார். மீட்டர் ஓடவில்லை என்றும் எழுதமாட்டார்.

இந்த நாகரிகம் யூனிக்ஸில் பரவலாகவே இருக்கிறது. இரண்டு கோப்புகளை ஒப்பிடும் டிஃப், ஒன்றுபோல் இருந்தால் 0, வேறுபட்டால் 1, தகராறு என்றால் 2 தருகிறது. தேடித்தரும் கிரெப்பும் அப்படியே: கிடைத்தது, கிடைக்கவில்லை, தேட முடியவில்லை. ஒரு கோப்பு மாறியிருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் எண்ணான செக்சம் பார்க்கும் நிரல்களில் எனக்குப் பிடித்த நுட்பம் ஒன்று. ஷா256சம் நிரலிடம் ஒரு பட்டியலைக் கொடுத்து ஒப்பிடச் சொன்னால், கடைசியில் அது இரண்டு தனித்தனி எச்சரிக்கைகள் தரும்: இத்தனை கோப்புகளைப் படிக்க முடியவில்லை, இத்தனை செக்சம் பொருந்தவில்லை. பட்டியலில் இருந்து வட்டில் இல்லாத கோப்புகளைக் கண்டுகொள்ளாதே என்றும் அதனிடம் சொல்லலாம். ஆனால் அப்படிச் சொன்னதன் பயனாகக் கடைசியில் ஒரு கோப்பைக்கூடச் சரிபார்க்கவில்லை என்று ஆகிவிட்டால், அது வெற்றி என்று சொல்லாது. ‘எந்தக் கோப்பும் சரிபார்க்கப்படவில்லை’ என்று புகார் செய்து தோல்வியோடு முடியும். யாரோ ஒருவர் காலிப் பட்டியலும் பிழையில்லாத பட்டியலும் ஒன்றல்ல என்று யோசித்து அந்த வரியைச் சேர்த்திருக்கிறார்.

எக்ஸ்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமைக்கான எஃப்.எஸ்.சி.கே. இன்னும் வேடிக்கை. அதன் கையேட்டில் ஒற்றை வரி அறிமுகம் இருக்கிறது: எதையும் செய்யாது, வெற்றிகரமாக. எக்ஸ்.எஃப்.எஸ். தன் மாற்றங்களைக் குறித்து வைக்கும் ஜர்னலை, பயன்பாட்டுக்கு இணைக்கப்படும்போதே (மவுன்ட் என்பார்கள்) தானே ஓட்டிச் சரிசெய்துகொள்ளும்; பூட் ஆகும்போது தனியே சோதிக்க வேண்டியதில்லை. ஆனால் பூட் வரிசையில் ஒவ்வொரு வட்டுக்கும் ஒரு சோதனை நிரலைக் கூப்பிடுவது வழக்கம் என்பதால், கூப்பிட்டால் வந்து நிற்க ஒரு ஆள். சில வரி ஷெல் ஸ்கிரிப்ட். வழக்கமான பூட்டில் அந்தச் சில வரிகள் செய்கிற ஒரே உருப்படியான காரியம் என்ன தெரியுமா? சாதனம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் ‘இல்லை’ என்று சொல்லி 8 என்ற எண்ணோடு வெளியேறும். எதையும் செய்யாமலிருக்கவே எழுதப்பட்ட நிரல்கூட, இல்லாத வட்டுக்கு 0 என்று கையெழுத்துப் போட மறுக்கிறது. இதைவிட நல்ல பாடம் ஒரு பொறியியல் கல்லூரியில் கிடைக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இதெல்லாம் நல்ல குடும்பத்துக் கதைகள். மறுபக்கம் வேறு. 2008இல் விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் லினக்ஸ் 2.6இன் கோப்பு முறைமைகள் எல்லாவற்றையும் மூன்று சேமிப்பகச் சாதன டிரைவர்களையும் எடுத்துக்கொண்டு, கீழிருந்து வரும் பிழை எண் மேலே போய்ச் சேர்கிறதா என்று ஒரு பகுப்பாய்வுக் கருவியால் தேடினார்கள். 1153 அழைப்புகளில், அதாவது நூற்றில் 13இல், பிழை எண் வழியிலேயே கைவிடப்பட்டிருந்தது. வட்டு ‘எழுத முடியவில்லை’ என்று சொல்கிறது. கேட்டவர் அதை மேலே சொல்வதில்லை. பத்தாண்டு கழித்து, 2018இல், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை எழுதுகிறவர்கள் இதன் இன்னொரு முகத்தைப் பார்த்தார்கள். வட்டில் எழுதியது நிலைத்துவிட்டதா என்று லினக்ஸிடம் கேட்டால் ஒரு தடவை பிழை சொல்லும். மறுபடி கேட்டால் எல்லாம் சரி என்று சொல்லிவிடும். எழுதப்படாத பக்கங்கள் இடையில் சுத்தமானவையாகக் குறிக்கப்பட்டுவிடும். பிழை நேர்ந்த பிறகு கோப்பைப் புதிதாகத் திறந்தவனுக்கு அந்தச் செய்தி வராமலேயே போகவும் கூடும். கடைசியில் போஸ்ட்கிரெஸ் எடுத்த முடிவு: முதல் தடவை பிழை வந்ததுமே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, தன் பதிவேட்டிலிருந்து மீண்டும் எழுந்திருப்பது. இரண்டாவது பதிலை நம்புவதில்லை.

கதவு திறந்து, உள்ளே போனபின் ஒரு பிளாக் படிக்க முடியவில்லை என்றால்? இ2எஃப்.எஸ்.சி.கே. அங்கே நின்று, இந்தப் பிழையைப் பொருட்படுத்தாமல் போகட்டுமா என்று கேட்கும். ஆம் என்றால், அந்த இடத்தில் கட்டாயமாக எழுதட்டுமா என்று கேட்கும். எழுதினால், கெட்டுப்போன செக்டருக்குப் பதில் வட்டு தன் கையிருப்பிலிருந்து வேறொன்றை எடுத்து வைக்கும். ஆனால் பழைய செக்டரில் இருந்தது என்னவென்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அத்துடன் முடிந்தது. நள்ளிரவில், பக்கத்தில் யாராவது ‘எப்ப சரியாகும்’ என்று நின்றுகொண்டிருக்கையில், இந்தக் கேள்வி வரிசையாக வந்தால் யாருக்கும் கை ‘ஒய்’ பொத்தானிலேயே கிடக்கும். எல்லாக் கேள்விக்கும் ஆம் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் வசதியும் இருக்கிறது. இருப்பது தப்பில்லை. முதல் பத்துக் கேள்வியைப் படிக்காமல் அதைப் போடுகிறவரோடு வேலை செய்வதுதான் கஷ்டம்.

வட்டு நிஜமாகவே சாகிறது என்றால், சீர்செய்யும் நிரலை விட்டுவிட்டு முதலில் பிரதி எடுக்க வேண்டும். அதற்கு டிடிரெஸ்க்யூ என்று ஒரு குனு நிரல். பிரதி எடுக்க எடுக்க, ஒரு வரைபடக் கோப்பில் வட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குறி போட்டுக்கொண்டே போகும். கூட்டல் குறி: எடுத்தாயிற்று. கழித்தல் குறி: செக்டர் கெட்டது. கேள்விக்குறி: இன்னும் முயலவில்லை. நட்சத்திரமும் சாய்கோடும்: முயன்றதில் தோல்வி, ஆனால் ஓரங்களைச் சீவிப் பார்க்கவில்லை, உள்ளே சுரண்டிப் பார்க்கவில்லை. எடுக்க முடியவில்லை என்பதற்குள்ளேயே இத்தனை படிகள். மின்சாரம் போனாலும், வட்டு சூடேறிப் பாதியில் நின்றாலும், மறுநாள் அந்தக் கோப்பைக் கொடுத்து விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். நான் பார்த்த நிரல்களில் அறியாமையை இவ்வளவு நேர்த்தியாகக் கணக்கு எழுதி வைப்பது வேறில்லை.

வேர்க் கோப்பு முறைமையின் விஷயம் தனி. சோதிக்கிற நிரலும் அதே வட்டில்தான் கிடக்கிறது. பழைய முறையில் கெர்னல் அந்த வட்டைப் படிக்க மட்டும் மவுன்ட் செய்யும். அதிலிருந்தே நிரலை எடுத்து ஓட்டி, அதே வட்டைத் திருத்தும். திருத்தியபின் கெர்னல் தன் நினைவில் வைத்திருந்த பழைய பிரதி பொய்யாகிவிடுகிறது. அதனால்தான் 2, மறுபடி தொடங்கு. இப்போது பல விநியோகங்களில் நினைவகத்திலேயே ஒரு சின்ன முன்னறையை உண்டாக்கி அங்கிருந்து சோதிக்கிறார்கள். மவுன்ட் ஆகி ஓடிக்கொண்டிருக்கும் வட்டின் மேல் யாராவது நிரலை ஏவினால் பெரிய எழுத்தில், நட்சத்திரங்களுக்கு நடுவே, கடுமையான சேதம் வரும் என்று கத்தும். சோதனைக்கு வந்தவனே சேதம் செய்துவிடலாம் என்று அதற்குத் தெரியும்.

சரி, நான் பார்த்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய இதழ்களை ஸ்கேன் செய்து பாதுகாக்கும் ஓர் அமைப்பு, பெயர் வேண்டாம். ஸ்கேன் ஆன அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் எழுதி வைத்துவிடுவார்கள். வாராவாரம் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் படித்து, பழைய செக்சத்தோடு ஒப்பிட்டு, மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பும். பிழை 0. வாரக்கணக்கில், வருடக்கணக்கில் 0. ஒருநாள் ஆய்வு மாணவி ஒருவர் ஓர் இதழைக் கேட்டார். ஸ்கேன் செய்கிறவர் தன் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பாதிப் பக்கத்துக்கு மேல் வெறும் சாம்பல் நிறம். அந்த வாரமும் அறிக்கை 0 தான்.

என்னைக் கூப்பிட்டார்கள். ஸ்கிரிப்ட்டைத் திறந்தால் நடுவில் இரண்டே சொல்: எக்செப்ட், பாஸ். கோப்பைத் திறக்க முடியாவிட்டால் சும்மா அடுத்ததற்குப் போ. எழுதிய பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை; முதல் நாள் ஏதோ ஒரு தற்காலிகக் கோப்பில் ஸ்கிரிப்ட் விழுந்திருக்கும், ஓடினால் போதும் என்று போட்டிருப்பான். ஆனால் பிறகு ஸ்கேனர் அறைக்குப் புதிய கணக்கு வந்தது. அந்தக் கணக்கில் உருவான ஃபோல்டர்களைப் படிக்க, சோதிக்கிற கணக்குக்கு அனுமதி இல்லை. அன்று முதல் அந்த ஃபோல்டர்கள் அத்தனையும் பிழையற்றவை ஆகிவிட்டன.

அறிக்கையை மூன்று வரியாக மாற்றிக் கொடுத்தேன். பொருந்தியவை, பொருந்தாதவை, திறக்க முடியாதவை. மூன்றையும் கூட்டினால் பட்டியலில் உள்ள மொத்தம் வர வேண்டும். வராவிட்டால் அறிக்கையே போகாது. அந்த வாரம் மேலாளர் அழைத்தார்.

“தம்பி, போன வாரம் வரைக்கும் எல்லாம் ஓகேன்னுதானே வந்துட்டிருந்துச்சு? நீங்க கை வச்சதும் எப்படி இவ்வளவு வருது?”

“புதுசா எதுவும் வரலை சார். முன்னாடி இதைச் சொல்லாம விட்டுட்டிருந்தது.”

“கமிட்டிக்கு இதை அப்படியே அனுப்பினா நான் பதில் சொல்ல முடியாது. அந்த மூணாவது வரியை மட்டும் எடுத்துடலாமே?”

“எடுத்தா கூட்டல் தப்பா வரும் சார்.”

அவருக்குக் கணக்கு தப்பாக வருவது பிடிக்காது. அந்த வரி பிழைத்தது அதனால்தான். கமிட்டியில் யாரும் அவர் பயந்தபடி சத்தம் போடவில்லை. அனுமதியை யார் கொடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். அதற்கு ஒரே ஒரு கட்டளை போதும். அன்று மாலையே போட்டார்கள். அடுத்த வார அறிக்கையில் மூன்றாவது வரியின் எண் பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தது. இரண்டாவது வரியின் எண் ஏறியிருந்தது.